உயிர் மீண்ட இரவும் மறுநாட் காலையும்

காஞ்சிமாநகரின் தென்பால், உத்திரமேரூர்க்குச் செல்லும் பெருவழியில், பாலாற்றை அடுத்து அமைந்தது எம்மூராகிய ஓரிக்கை. திருமழிசையாழ்வாரின் மாணாக்கராகிய கணிகண்ணரைப் பல்லவ மன்னன் நாட்டை விட்டு வெளியேற்றினான் என்றும், மாணாக்கரை ஆழ்வார் பின்தொடர, திருவெஃகாவிற் பள்ளிகொண்ட பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன் சென்றார் என்றும், அவர்கள் ஓரிரவு தங்கிய இடமாதலின் 'ஓரிரவிருக்கை' எனப்பட்ட ஊர் பின்னர் ஓரிக்கை என மருவிற்று என்றும் பெரியோர் கூறுவர். சொல்லாராய்ச்சி வல்லார் இதனை ஒப்புவரோ மறுப்பரோ, அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவைக் காணுந்தோறும் இப்பெயரே எம் நினைவிற்கு வருகின்றது. அதுவும் ஓர் ஓரிரவிருக்கையே அன்றோ? நள்ளிரவிற் கொண்டுவரப் பெற்றோன் உயிர் பிழைத்து விடியலில் வெளியேறுகின்றான். தேள் கொட்டியவனுக்கு அவ்வளவே போதும். அபினியினத்துப் போதைப்பொருட்கு அடிமையாகி மூச்சடங்கி வந்தவனுக்கோ அது போதாது. மறுநாள் அவனை எவ்விடத்திற்கு, எவர் துணையோடு, எம்மருந்து கொடுத்து அனுப்புவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அபினியினம் என்றது யாது? நம் அடுக்களையிற் குருமாவிற்கு அரைக்கும் கசகசாவைத் தரும் செடியே அபினியையும் தருகின்றது. விதை தீங்கற்றது, பசுங்காயைக் கீறின் வடியும் பால் உறைந்து அபினியாகின்றது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும், அதுவும் மைய அரசின் உரிமம் பெற்றோரே, இச்செடியை அபினிக்காகப் பயிரிடலாம். அபினியினின்று பிரித்தெடுக்கப்படுவது மார்பின். அதனை மாற்றிச் செய்தது ஹெராயின். 1898-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் கம்பெனியார் இதனை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கினர் என்றால் இன்று யார் நம்புவர்? தூய்மையற்ற ஹெராயினே நகரங்களில் 'பிரவுன் சுகர்' எனப்படுவது. செடியின் தொடர்பின்றி ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கப்படும் டிரமடால், டபென்டடால் முதலிய வலி நீக்கும் மாத்திரைகளும் இவ்வினத்தனவே. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டு இளைஞர் சிலர் இம்மாத்திரைகளைப் பொடித்து நீரிற் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்வதைச் செய்தித்தாள்களிற் காண்கின்றோம்.

இவ்வினத்தை முழுதும் நஞ்சென்று ஒதுக்குவார் காஞ்சியை அடுத்த காரப்பேட்டைக்குச் சென்று காண்க. அங்குள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களிற் கிடந்து துடிப்போரின் கடும்வலிக்கு மார்பினை ஒத்த துணை பிறிதில்லை. ஒரே பொருள் ஒரு கட்டிலில் அருமருந்தாகவும், மற்றொரு தெருவிற் கூற்றுவனாகவும் நிற்கின்றது.

"தமிழ்நாட்டிற் சாராயமே பெருந்தொல்லை, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நண்பர் சிலர் வினவக்கூடும். சாராயத்தின் கேடு பெரிதென்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் சமூகநீதி அமைச்சகத்திற்காக அனைத்திந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அபினியினத்தால் இடருற்று உதவி வேண்டி நிற்போர் இந்தியாவில் ஏறத்தாழ 77 இலட்சம் பேர். ஊசிவழிப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோர் ஏறத்தாழ 8.5 இலட்சம் பேர். அன்றியும், இந்நோய்க்கு ஐயமற நலந்தரும் மருந்து உளது. மருந்திருந்தும் அது நோயாளியைச் சென்று சேராமையே எம்மை எழுதத் தூண்டிற்று.

இனி, அவ்விரவில் நிகழ்வதைக் கூறுவாம். அபினியினப் பொருள் மிகின், மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதி உறங்கிவிடும். கண்மணி குண்டூசித் தலையளவாய்ச் சுருங்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். மூச்சு அரிதாகி நின்றும் போம். நலாக்ஸோன் என்னும் மருந்தை நரம்பிற் செலுத்தின், அபினி பற்றியிருந்த இடத்தினின்று அதனைத் தள்ளிவிட்டுத் தான் அமரும். இரண்டு மூன்று நிமிடங்களிற் பிணம்போற் கிடந்தவன் கண் விழிப்பான். மருத்துவத்தில் இத்துணை விரைவாகப் பயன் காட்டும் மருந்துகள் சிலவே.

ஆனால் விழித்தவன் நன்றி கூறுவான் என்று எண்ணற்க. அபினியை ஒருங்கே இழந்த உடல் அக்கணமே அதனை வேண்டிக் கதறும். கண்ணும் மூக்கும் ஒழுகும், குமட்டும், வயிறு கழியும், எலும்புதோறும் நோகும், மயிர் சிலிர்க்கும். ஊசியிட்ட மருத்துவரையே அவன் ஏசினும் வியப்பில்லை. நலாக்ஸோனின் ஆற்றலோ அரைமணி முதல் ஒன்றரை மணிநேரமே நிற்பது. அது தேய்ந்தபின் உடலில் எஞ்சிய அபினி மீண்டும் மூச்சை அமுக்கக்கூடும். ஆகலின் அவனைச் சில மணிநேரமேனும் இருத்திக் காத்தல் வேண்டும். அவனோ வேதனை தாளாது கையிலேறிய குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கி எறிந்து, வாயிற்காவலர் அயர்ந்த நேரம் பார்த்து வெளியேறுவான். 'அப்ஸ்காண்டட்' என்று குறித்துக் கேஸ் ஷீட்டை மூடிவிடுவர்.

அவ்வேடு மூடப்பெற்றபின் நிகழ்வதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தார் எண்ணிப் பார்த்தனர். 2011 முதல் 2015 வரை அம்மாநிலத்து அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இவ்வாறு உயிர் மீண்டோர் 11,557 பேரைத் தொடர்ந்து நோக்கியதில், ஓராண்டிற்குள் 635 பேர் இறந்தனர். அவருள் 130 பேர் முதல் திங்களிலேயே இறந்தனர். 29 பேர் இரண்டு நாட்களுக்குள். இருபதின்மரில் ஒருவருக்கு மேல் ஓராண்டைத் தாண்டவில்லை. மாரடைப்பினின்று மீண்டவனை மருந்துச் சீட்டின்றி அனுப்புவாரில்லை. இவனை மட்டும் அறிவுரையோடு அனுப்பிவிடுகின்றோம்.

இவ்விறப்புகளின் காரணத்தைப் பலர் அறியார். போதைப்பொருளை நாடோறும் கொள்பவனின் உடல் சிறிது சிறிதாக அதனைத் தாங்கப் பழகுகின்றது. சில நாட்கள் விட்டிருந்தால் அத்தாங்குந்திறன் போய்விடும், அவாவோ போகாது. பத்து நாள் கழித்துப் பழைய அளவையே அவன் ஏற்றிக்கொள்வானாயின், முன்பு அவனை மயக்கிய அதே அளவு இப்போது கொன்றுவிடும். சிறையினின்று வெளிவந்தோரும், சின்னாள் 'விஷம் இறக்கப்பெற்று' மறுவாழ்வு மையத்தினின்று திரும்பினோரும் வீடு சேர்ந்த கிழமையிலேயே மாய்வது இதனாலே. அடைத்து வைத்து உடலைத் தூய்மையாக்கிவிட்டால் நோய் தீர்ந்தது என்னும் நம் நாட்டு எண்ணம் அபினியினத்தைப் பொறுத்தவரை பிழையானது மட்டுமன்று, இடர் விளைப்பதும் ஆகும் என்பது எம் துணிபு.

நிற்க. வழக்கமாகக் கொடுக்கப்படும் சீட்டைப்பற்றி யாம் அறிந்த ஒன்றைக் கூறுவாம். எம் தெருவில் தறிநெய்து வாழும் குடும்பம் ஒன்று. அவ்வீட்டு மூத்த மகனார் ஒருநாளிரவு மாத்திரை கரைத்து ஏற்றிக்கொண்டு மயங்கினார். 108 வண்டி அவரை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தது, பிழைத்தார். மறுநாள் மாலை அவர் அன்னையார் நான்காய் மடித்த தாளொன்றைக் கொணர்ந்து, "தம்பி, நீ காலேஜ்ல படிக்கிறவன். இதுல என்ன எழுதியிருக்காங்கன்னு பாரு" என்றார். ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள் இருந்தன. மனநல மருத்துவப் பிரிவிற்குச் செல்க என்பது அவற்றின் பொருள். எந்நாள், எவ்வேளை, எக்கட்டடம், எவரைக் காண்பது என்பது ஒன்றும் இல்லை. யாம் படித்துக் கூறினோம். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "என் புள்ளைக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றார். "இல்லை, பெரியம்மா, இதற்கும் அங்கேதான் மருத்துவம்" என்றோம். "பொண்ணு கேட்டுப் போற வீட்டுல தெரிஞ்சா?" என்று சொல்லித் தாளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மகனார் அங்கே செல்லவில்லை. சின்னாளில் வேறூர்க்கு வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

சீட்டு எழுதிய மருத்துவர் தம் கடமையைச் செய்தார். அன்னையாரும் தாயன்பாலேயே தயங்கினார். இருவருக்கும் இடையே நின்று வழிகாட்ட ஓராள் இல்லாமையே குறை.

இக்குறையை நீக்க இயலுமா என்பதைச் சோதித்தோர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள். 2009 முதல் 2013 வரை தம் அவசர சிகிச்சைப் பிரிவிற்கு வந்த அபினியின அடிமைகள் 329 பேரை மூன்று கூறாக்கினர். முதற்கூற்றார்க்குச் சிகிச்சை கிடைக்கும் இடங்களின் பட்டியலைக் கொடுத்தனர். இரண்டாங்கூற்றாரோடு சிறிதுநேரம் கனிவாகப் பேசி, ஓரிடத்தைத் தேர்ந்து தொடர்பும் செய்து கொடுத்தனர். மூன்றாங்கூற்றார்க்கு அப்பேச்சோடு, புப்ரினார்பின் என்னும் மருந்தை அங்கேயே தொடங்கி, மூன்று நாட்களுக்குள் மருத்துவரைக் காண நாளும் குறித்து, அதுவரைக்கு வேண்டிய மருந்தையும் கையிற் கொடுத்தனர். முப்பதாம் நாளிற் பார்க்க, சிகிச்சையில் நிலைத்திருந்தோர் முதற்கூற்றில் நூற்றுக்கு 37, இரண்டாவதில் 45, மூன்றாவதில் 78. இம்முடிவு 2015-இல் வெளியாயிற்று. பட்டியலுக்கும் கனிமொழிக்கும் இடையே வேற்றுமை சிறிது. மருந்தை அவ்விரவே தொடங்குவதால் விளைந்த வேற்றுமையே பெரிது.

இவ்வாராய்ச்சியின் மற்றொரு பகுதியை மேற்கோள் காட்டுவோர் குறைவு. யேல் மருத்துவர் மூன்றாங்கூற்றார்க்குப் பத்து வாரம் தாமே மருந்தளித்துப் பின் ஊர் மருத்துவரிடம் ஒப்புவித்தனர். இரண்டாம் திங்களில் மூன்றாங்கூற்றாரே முன்னின்றனர். ஆறாம் திங்களிலும் பன்னிரண்டாம் திங்களிலும் நோக்கியபோது மூன்று கூறுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. நல்ல தொடக்கமும் ஊரிலுள்ள தொடர்பு தளர்ந்தால் தளரும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

புப்ரினார்பினும் அபினியினத்ததே. எனினும் அதன் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. ஓரளவிற்கு மேல் எத்துணை கொடுப்பினும் மூச்சை அடக்கும் வேகம் மிகாது. நாவின் அடியில் வைத்துக் கரையவிடுவது. நாளைக்கு ஒருமுறை போதும். அதனைக் கொண்டவன் மயங்கித் திரியான்; தறிக்குழியில் இறங்கி நெய்யலாம், ஏரோட்டலாம், தேர்வும் எழுதலாம். உடலில் அபினி நிறைந்திருக்கும்போது கொடுத்தால் வேதனையை வருவிக்கும்; வேதனை தொடங்கியபின் கொடுத்தால் அதனைத் தணிக்கும். ஆகவே காலமறிந்து கொடுப்பது மருத்துவரின் கடன். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேரின் இதுவும் இடர் தரும்.

"ஒரு போதையை விட்டு மற்றொரு போதையா?" என்பது யாண்டும் கேட்கும் வினா. அது வெறும் பிடிவாதத்தாற் பிறந்ததன்று. சென்னையில் 1990-களில் இப்புப்ரினார்பினையே ஊசிமருந்தாக வாங்கிப் போதைக்குக் குத்திக்கொண்டோர் பலர். இதே பொருள் நாவடி மாத்திரையாகிக் கணக்கோடு கொடுக்கப்பட்டால் மருந்தாவது எங்ஙனம் என்று மலைப்பது இயல்பே. விடை எண்களில் உளது. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, புப்ரினார்பின் சிகிச்சையிலிருப்போர் ஆயிரவரை ஓராண்டு நோக்கின் இறப்போர் 4.3 பேர், அதனை விட்டு நீங்கியோரில் 9.5 பேர். மெதடோன் என்னும் மருந்திற்கு இவ்வெண்கள் முறையே 11.3, 36.1. நீரிழிவுடையார் நாடோறும் இன்சுலின் கொள்வதை எவரும் அடிமைத்தனம் என்று பழிப்பதில்லை.

நம் நாட்டில் இம்மருந்து கிடையாத பொருளன்று. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தார் 2007-ஆம் ஆண்டளவில் இதனைத் தம் திட்டத்திற் சேர்த்தனர். ஊசிவழி எய்ட்ஸ் பரவுவதைத் தடுப்பது அவர் முதல் நோக்கம். அம்மையங்களில் நோயாளி நாடோறும் வந்து பணியாளர் கண்முன் மருந்தைக் கரைத்துக்கொள்ள வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்த முறை. மருந்து கள்ளச்சந்தைக்குப் போகாமற் காக்க இது நன்று. ஆனால் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நாடோறும் பஸ் ஏறிச் சென்று வரிசையில் நின்று திரும்புவானாயின், அரைநாட் கூலி போம். மூன்றாம் வாரத்தில் வீட்டார் கேட்பர்: "மருந்தா, அடுப்பா?" பஞ்சாப் மாநிலத்தார் 2017 அக்டோபரிற் புறநோயாளர் மருந்தகங்களைத் திறந்தபோதும் இதே இடர்ப்பாடு எழுந்தது. 2020-இற் கொரோனாக் கொள்ளைநோய் வந்து ஊரடங்க, மருந்தைச் சில நாட்களுக்கு வீட்டிற்கே கொடுத்தனுப்பும் வழக்கம் அங்கு விரிந்தது.

ஊர்நோக்கிச் செல்லும் மருத்துவத்திற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சென்னையில் 1980-இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்த திருமதி சாந்தி ரங்கநாதன், 1989-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியிற் குடிநோயாளர்க்கு முகாம் தொடங்கினார். நகரத்திற்கு வர இயலாதார்க்குப் பதினைந்து நாள் சிகிச்சையை ஊரிலேயே அளிப்பதும், மனைவி மக்களையும் அமர்த்திப் பேசுவதும், முகாம் கலைந்தபின்னும் திரும்ப வந்து காண்பதும் அதன் முறை. ஊரறியக் குடித்தவன் ஊரறியத் திருந்தினான். அம்முறை மதுவிற்காக எழுந்ததாயினும், ஊரார் முன்னிலையிற் சிகிச்சை நடந்தால் நாணம் தளரும் என்பதை அபினியினத்திற்கும் கொள்ளலாம்.

இன்னும் பழைய சான்றொன்றும் எம் பக்கத்திலேயே உளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலிற் பெருமாள் கோயிற் கல்வெட்டு ஒன்று, வீரராசேந்திர சோழன் காலத்தது, 11-ஆம் நூற்றாண்டினது. 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையிற் கட்டில் 15 என்று கூறுவதோடு அது நில்லாது, மருத்துவன், சல்லியக்கிரியை செய்வான், மருந்து பறித்துக் கொணர்வார், நோயாளர்க்குப் பணிசெய்யும் பெண்டிர், நீர் கொணர்வான் என ஒவ்வொரு தொழிற்கும் ஆளையும் அவர் பெறும் ஊதியத்தையும் வகுத்துரைக்கின்றது. காட்டினின்று மூலிகையைக் கட்டிலுக்குக் கொணர்வானையும் மறவாத அக்கல்வெட்டை வரலாற்று மாணவர் பலர் படித்திருப்பர். இன்று நம் மருத்துவமனைகளில் இல்லாதது இத்தகைய நடுவாள்: கட்டிலினின்று ஊருக்கு நோயாளியைக் கொண்டுசேர்ப்பான்.

அதற்குரிய உறுப்புகள் தனித்தனியே தமிழ்நாட்டில் உள. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரிற் தொடங்கப்பெற்ற 'நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்துற்றோர்க்கு முதல் 48 மணிநேரச் செலவை அரசே ஏற்பது. அதே ஆண்டு ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்தக்கொதிப்பிற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொணர்கின்றது. 2025-இல் 'கலங்கரை' என்னும் பெயரிற் போதை மீட்பு மையங்கள் இருபத்தைந்து அரசு மருத்துவமனைகளிற் திறக்கப்பெற்றன. முதலாவது இரவைக் காக்கும் முறை. இரண்டாவது வீட்டை அடையும் வழி. மூன்றாவது சிகிச்சைக்குரிய இடம். இவற்றை ஒரு நூலிற் கோத்தல் வேண்டும்.

புப்ரினார்பின் சட்டக் கட்டுப்பாடுடைய மருந்தாகலின், நீரிழிவு மாத்திரையைப்போல் அதனையும் பையில் இட்டு வீடுதோறும் கொடுத்துவிடலாம் என்று யாம் கூறவில்லை, அது பேதைமை. ஆனால் கிராம சுகாதாரச் செவிலியர் வேறொன்று செய்யலாம். அவசர சிகிச்சைப் பிரிவிலுள்ளோர் நோயாளியின் இசைவு பெற்று அவர்க்குத் தொலைபேசியிற் சொல்லிவிட்டால், மறுநாள் அவ்வீட்டிற்குச் சென்று, "நாளை காலை எட்டு மணி பஸ்ஸில் நானும் வருகின்றேன்" என்று கூறலாம். முதன்முறை உடன் செல்வோர் ஒருவர் இருந்தால் இரண்டாம் முறை நோயாளி தானே செல்வான். அச்செவிலியர்க்கு ஏற்கனவே சுமை மிகுதி என்பதை அறிவோம். ஆகலின் இப்பணிக்குத் தனியே ஆளை வைத்து ஊதியமும் வகுப்பதே முறை. போதையினின்று மீண்டு சில ஆண்டுகள் நிலைத்தோர் இதற்கு மிகவும் ஏற்றவர் என்பது எம் கருத்து. முந்தானையில் முடிந்த சீட்டின் பொருளை அவர்க்கு எவரும் விளக்க வேண்டா.

எஞ்சியது அச்சம். அவசர சிகிச்சைப் பிரிவில் 'ஏ.ஆர்.' பதிவு போட்டால் போலீசார் வருவர் என்று பெற்றோர் அஞ்சி, மூச்சடங்கியவனைக்கூட வீட்டிலேயே வைத்து முகத்தில் நீர் தெளித்துக் காலங்கடத்துவதுண்டு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் 27-ஆம் பிரிவு போதைப்பொருளை உட்கொள்வதைக் குற்றமாக்கியிருப்பது உண்மையே. ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, அக்குற்றத்திற்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்திற்கோ உள்ளான அடிமை தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற மருத்துவமனையிற் சிகிச்சை பெறுவானாயின், அவன்மீது வழக்கு நடத்தப்படாது என்கின்றது. சிகிச்சையை முற்றப் பெறாது இடையில் விட்டால் அப்பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம் என்பதும் அதிலேயே உளது. இப்பிரிவைத் தமிழில் அச்சிட்டு அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் ஒட்ட எவருடைய உத்தரவு வேண்டுமோ யாம் அறியோம், செலவு மிகுதியன்று. அதனடியில் 14446 என்னும் எண்ணையும் பெரிதாக எழுதலாம். அது போதை நோயாளர்க்கென மைய அரசு நடத்தும் கட்டணமில்லாத் தொலைபேசி.